கொக்கி ஊசிப் பின்னல்: பழகுவதும் கணக்கிடுவதும்

(பத்து பாகாட் வட்டாரத் தோட்டப் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, நிரையில் மரம் வெட்டிப் பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலைகளையும் ஒருவாறு முடித்துக்கொண்டு இங்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரம் எத்துணை அருமையானது என்பதை அறிவோம். ஆகவே, இன்று கையோடு எடுத்துச் செல்லத்தக்க ஒரு பொருளைப் பற்றியே பேச எண்ணியிருக்கிறோம். அது கொக்கி ஊசிப் பின்னல். இதை எவ்வாறு தொடங்குவது, முதலில் எவற்றைப் பின்னுவது, பின்னியவற்றை விற்க விரும்பினால் எவ்வாறு விலை வைப்பது என்னும் மூன்றையும் வரிசையாகக் காண்போம். இம்மூன்றில் கடைசியானதே மிக இன்றியமையாதது என்பது நம் கருத்து. அதன் காரணம் போகப் போக விளங்கும்.

பெயரும் கருவியும்

இப்பின்னலைக் 'குரோஷே' என்றும் 'குரோஷா' என்றும் பலர் அழைப்பர். அது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்னும் பொருள் தரும் சொல். மலாய் மொழியிலும் கொக்கிக்குரிய 'காயிட்' என்னும் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் பிறந்திருக்கிறது. முருங்கைக்காயும் மாங்காயும் பறிக்க நாம் வைத்திருக்கும் துறட்டியைக் கைவிரல் அளவுக்குச் சுருக்கினால் எப்படியிருக்குமோ, அப்படியிருப்பதே இந்த ஊசி. துறட்டி கிளையை வளைத்து இழுக்கிறது. இது நூலை வளைத்து இழுக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு நீண்ட ஊசிகள் வேண்டும். பல கண்ணிகள் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்கும். கை தவறினால் வரிசையே அவிழ்ந்துவிடும். கொக்கி ஊசியில் அத்தொல்லை இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும். அடுப்பில் சோறு பொங்கினாலும், தொட்டிலில் பிள்ளை அழுதாலும், அக்கண்ணியைச் சற்று நீட்டிவிட்டு எழுந்து செல்லலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடரலாம். தவறு நேர்ந்தால் நூலை இழுத்து, வேண்டிய அளவு அவிழ்த்து, அதே நூலைக் கொண்டே மீண்டும் பின்னலாம். நூல் வீணாவதில்லை. இதனாலேயே புதிதாகப் பழகுவோர்க்கு இது ஏற்ற கைவேலை ஆகிறது.

உங்களுக்கு இது கைவரும் என்று நாம் துணிந்து சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பால் வெட்டுகையில் ஒவ்வொரு முறையும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கே பட்டையைச் சீவுகிறீர்கள். சற்று ஆழம் கூடினால் மரம் காயப்படும். குறைந்தால் பால் குறையும். அந்த அளவு எந்த அளவுகோலிலும் இல்லை. உங்கள் விரல்களில் இருக்கிறது. பின்னல் வேலையின் நுட்பமும் அதுவே. நூலை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு தளர்த்துவது என்பதை விரலே கற்றுக்கொள்ள வேண்டும். 'பத்து பாகாட்' என்னும் ஊர்ப்பெயருக்கு உளியால் செதுக்கிய கல் என்பதே பொருள். உளி பழகிய கைக்குக் கொக்கி அந்நியமாகாது.

தொடங்குவதற்கு வேண்டியவை மிகச் சில. நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள ஊசி ஒன்று, நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூற்கண்டு ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, நூல் முனைகளைச் செருகி மறைக்கப் பெரிய காதுள்ள தையலூசி ஒன்று. கடையில் வாங்கும் நூற்கண்டின் தாளிலேயே அதற்கேற்ற ஊசியின் அளவு அச்சிடப்பட்டிருக்கும், பார்த்து வாங்குக. முதல் நூல் வெளிர்நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா. கம்பளி நம் நாட்டு வெப்பத்திற்கு ஒவ்வாது. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் மலிவாகக் கிடைக்கும். பை முதலியவற்றுக்கு அது போதும். ஆனால் அடுப்படியில் பயன்படும் எதனையும் அந்நூலால் பின்னக் கூடாது. சூடேறிய பாத்திரத்தில் பட்டால் அது உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

நான்கு கண்ணிகள்

ஆயிரம் வகைப் பின்னல்கள் இருப்பினும் அவற்றின் அடிப்படை நான்கே. அவற்றை நாம் எளிமைக்காகச் சங்கிலிக் கண்ணி, இணைப்புக் கண்ணி, குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்று அழைப்போம்.

முதலில் நூலின் முனையருகே ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு அதை ஊசியில் மாட்டுக. நூலை ஊசியின் மேல் ஒருமுறை போட்டு, கொக்கியால் பிடித்து, ஊசியிலுள்ள கண்ணியின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி ஆயிற்று. பூத்தொடுப்பவர் ஒரு கண்ணியை அடுத்து மறு கண்ணி போட்டுச் செல்வதைப் போல இதனைத் தொடரலாம். முதல் நாள் முழுவதும் இச்சங்கிலியையே பின்னிப் பின்னி அவிழ்த்துப் பழகுதல் நலம். எல்லாக் கண்ணிகளும் ஒரே அளவாக வரத் தொடங்கினால் விரல் பழகிவிட்டது என்று பொருள்.

குட்டைக் கண்ணிக்கு, ஊசியை முன்பு பின்னிய கண்ணி ஒன்றினுள் நுழைத்து நூலை இழுக்க வேண்டும். இப்பொழுது ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைப் போட்டு இரண்டின் வழியேயும் ஒருசேர இழுக்க வேண்டும். இதனால் வரும் துணி நெருக்கமாகவும் உறுதியாகவும் இருக்கும்.

நெட்டைக் கண்ணிக்கு, ஊசியை நுழைக்கும் முன்பே நூலை ஒருமுறை சுற்றிக்கொள்ள வேண்டும். நுழைத்து இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். நூலைப் போட்டு முதல் இரண்டின் வழியே இழுக்க. மறுபடியும் போட்டு எஞ்சிய இரண்டின் வழியே இழுக்க. இது உயரமாக வளரும். வேலை விரைந்து முடியும்.

இணைப்புக் கண்ணி, வட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்ப்பதற்கு உதவுவது. ஊசியை நுழைத்து, நூலைப் பிடித்து, இருக்கின்ற எல்லாவற்றின் வழியேயும் ஒரே இழுப்பாக இழுத்துவிடுதலே அது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துப் பின்னுவோர் அந்நூல் பிரிட்டனில் எழுதப்பட்டதா, அமெரிக்காவில் எழுதப்பட்டதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் குட்டைக் கண்ணி என்பதைப் பிரிட்டிஷார் 'டபுள்' என்பர். அமெரிக்கர் 'சிங்கிள்' என்பர். நாம் நெட்டைக் கண்ணி என்பதைப் பிரிட்டிஷார் 'டிரெபிள்' என்பர். அமெரிக்கர் 'டபுள்' என்பர். ஒரே சொல் இரு நாட்டில் இரு பொருள் தருவதால், பலர் பாதிப் பின்னல் முடிந்த பின்னரே உருவம் மாறியிருப்பதைக் கண்டு மனம் சலித்துக் கைவிடுகின்றனர். கை தவறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்பதை நினைவிற் கொள்க.

முதலில் பின்னத்தக்க பொருள்கள்

முதலாவது, கரித்துணி. வீட்டில் நாள்தோறும் பயன்படும் பொருளாதலால் இதிலிருந்து தொடங்குவோம். 31 சங்கிலிக் கண்ணிகள் போடுக. ஊசியிலிருந்து இரண்டாவதாக உள்ள சங்கிலியில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு குட்டைக் கண்ணி போட்டு வந்தால் 30 கண்ணிகள் கிடைக்கும். வேலையைத் திருப்பி, ஒரு சங்கிலி போட்டு, மீண்டும் 30 குட்டைக் கண்ணிகள். இவ்வாறே வரிசை வரிசையாகத் தொடர்க. துணியை மூலைக்கு மூலை மடித்துப் பார்க்கையில் சரியான முக்கோணம் வந்தால் சதுரம் நிறைவுற்றது. இதைப் போலவே மற்றொன்று பின்னி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நான்கு ஓரங்களிலும் குட்டைக் கண்ணியால் சேர்த்துவிடுக. மூலைகளில் மட்டும் ஒரே துளையில் மூன்று கண்ணிகள் போட்டால் மூலை சுருங்காது. முடிவில் பன்னிரண்டு சங்கிலிகள் போட்டு அதே மூலையில் இணைத்தால் ஆணியில் மாட்டும் வளையமும் ஆயிற்று. பருத்தி நூலில், இரண்டு மடிப்பாகப் பின்னிய கரித்துணி சூட்டைத் தாங்கும். ஈரமாக இருக்கும்போது மட்டும் அதைக் கொண்டு பாத்திரம் இறக்க வேண்டா. ஈரம் சூட்டைக் கைக்குக் கடத்தும்.

புதிதாகப் பழகுவோர் துணி, மேலே போகப் போகக் குறுகி, கூரையைப் போலச் சரிந்துவிடுவதுண்டு. வரிசையின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுவதே அதற்குக் காரணம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிப் பார்த்தல் ஒன்றே மருந்து. எழுதப் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளையை அருகில் அமர்த்தி எண்ணச் சொல்லுங்கள். உங்கள் பின்னலும் நேராகும். பிள்ளையின் கணக்கும் நேராகும்.

இரண்டாவது, பால் செம்பு மூடி. ஈ மொய்க்காமல் பாலையும் தண்ணீரையும் மூடிவைக்கும் வட்டத் துணி இது. நான்கு சங்கிலிகள் போட்டு இணைத்து வளையமாக்குக. மூன்று சங்கிலிகள் போடுக. இவை ஒரு நெட்டைக் கண்ணிக்குச் சமம். வளையத்தினுள் மேலும் 11 நெட்டைக் கண்ணிகள் போட்டு இணைத்தால் 12 ஆகும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட 24 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட 36 ஆகும். சுற்றுக்குப் பன்னிரண்டு கூட வேண்டும் என்பதே விதி. கூட்டுவது குறைந்தால் துணி கிண்ணம்போல் குழியும். மிகுந்தால் பொரித்த அப்பளம்போல் அலை எழும். கடைசிச் சுற்றில், ஐந்து சங்கிலிகள் போட்டு இரண்டு கண்ணிகளைத் தாண்டி மூன்றாவதில் ஒரு குட்டைக் கண்ணி போட்டுக்கொண்டே வந்தால் 12 வளைவுகள் கிடைக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாசிமணியைத் தைத்துவிட்டால், அதன் கனத்தால் மூடி காற்றில் பறக்காது. செம்பின் வாய் அகலமாக இருந்தால் மேலும் ஒரு சுற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, சந்தைப் பை. செம்பு மூடிக்குச் சொன்ன முறையிலேயே அடிப்பாகத்தைத் தொடங்கி, நான்காம் சுற்றில் 48, ஐந்தாம் சுற்றில் 60 கண்ணிகள் வரும்வரை வட்டமாகப் பின்னுக. பின்னர் ஐந்து சங்கிலி, இரண்டைத் தாண்டி ஒரு குட்டைக் கண்ணி என்று போட்டால் 20 வளைவுகள் வரும். அடுத்த சுற்றுகளில் கூட்டாமல், ஒவ்வொரு வளைவின் நடுவிலும் ஒரு குட்டைக் கண்ணி, ஐந்து சங்கிலி என்று மீன்வலை போலவே மேலேறிச் செல்ல வேண்டும். ஒரு முழ உயரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்ததும், வளைவுக்கு மூன்றாகக் குட்டைக் கண்ணிகள் போட்டு இரண்டு சுற்றில் வாயைக் கெட்டிப்படுத்துக. கைப்பிடிக்கு ஆறு கண்ணி அகலமுள்ள நாடாவைக் குட்டைக் கண்ணியிலேயே பின்னித் தைக்க. சுமை ஏறினால் பருத்தி நூல் நீளும். ஆதலால் கைப்பிடியை வலைப்பின்னலாக விட்டுவிடலாகாது.

நான்காவது, வாசல் தோரணம். சிறு சிறு வட்டங்களையும் மாவிலை வடிவங்களையும் எஞ்சிய நூல்களால் பின்னி, ஒரு நீண்ட சங்கிலியில் வரிசையாகக் கோத்துவிடலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாசலில் கட்டி, பின்னர்த் துவைத்து எடுத்து வைக்கலாம். மிச்ச நூலை வீணாக்காதிருக்க இதனினும் நல்ல வழி இல்லை.

குழந்தைகளுக்குக் குல்லாயும் காலுறையும் பின்ன ஆசைப்படுவது இயல்பே. அவற்றில் பாசிமணியோ பொத்தானோ, கழுத்தைச் சுற்றும் கயிறோ வேண்டா. பெரிய துளைகள் உள்ள பின்னலில் சிசுவின் விரல் சிக்கக்கூடும். உறங்கும் குழந்தைக்குக் குல்லாய் அணிவித்து விடுதலும் தகாது.

கண்ணையும் கையையும் காத்தல்

விடியுமுன் எழுபவர்கள் இரவு நெடுநேரம் மங்கிய விளக்கில் பின்னுதல் ஆகாது. நல்ல வெளிச்சம், வலக்கையால் பின்னுவோர்க்கு இடத்தோளின் பின்னாலிருந்து விழ வேண்டும். அரைமணிக்கொருமுறை ஊசியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கி, தொலைவிலுள்ள மரத்தைச் சற்று நேரம் பார்த்தால் கண்ணும் கையும் இளைப்பாறும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. அதைப் பின்னல் தெரியாமை என்று எண்ணி வருந்த வேண்டா; கண்ணாடி போட்டுக்கொண்டால் கண்ணி தெளிவாகத் தெரியும்.

இக்கலை பெண்களுக்குத் தந்ததும் தராததும்

இனி, நாம் முதலில் குறிப்பிட்ட மூன்றாம் பொருளுக்கு வருவோம். கைவேலை பெண்களின் வாழ்வை உயர்த்துமா? உயர்த்தியதுண்டு, உயர்த்தாமல் போனதும் உண்டு. இரண்டையும் வரலாறு காட்டுகிறது.

தமிழ் வழங்கும் நாகர்கோவில் பகுதியில், 1821ஆம் ஆண்டளவில் மால்ட் அம்மையார் தம் பள்ளிச் சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது கொக்கி ஊசியால் அன்று, திண்டின்மேல் மரக்கட்டைகளைக் கொண்டு நூலை முறுக்கிச் செய்யும் வேறு வகைப் பின்னல். ஆயினும் நம் பெண்களின் விரல்கள் சந்தைக்காக நூல்வேலை பழகிய தொடக்கக் காலங்களுள் அது ஒன்று. திருவிதாங்கூரில் அடிமைமுறை அப்போது நிலவியது; 1855இல்தான் அது அங்கு ஒழிந்தது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் தம் லேஸ் வேலையின் வருவாயைக் கொண்டே தம் விடுதலைக்குரிய தொகையைச் செலுத்தினர் என்பர். மால்ட் அம்மையாரின் மகள் எலைசா, 1844இல் மொழியறிஞர் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, இக்கைவேலையும் அவருடன் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றது.

கொக்கி ஊசிப் பின்னலுக்கும் அத்தகைய வரலாறு உண்டு. அயர்லாந்து நாட்டில் 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து, கொடிய பஞ்சம் பல ஆண்டு நீடித்தது. நிலம் சோறிடாத அந்நாளில் கன்னியர் மடங்களிலும் சிற்றூர்களிலும் பெண்கள் இப்பின்னலைக் கற்று, விற்று, குடும்பத்தைக் காத்தனர். கப்பற் செலவுக்கு வேண்டிய பணத்தைப் பின்னியே சேர்த்து அமெரிக்கா சென்றோரும் உண்டு.

இவை உயர்த்திய கதைகள். ஆந்திர மாநிலத்தில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபூரின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சமயப் பணியாளர் வழியே அங்குப் பரவிய கொக்கிப் பின்னல் லேஸ், பின்னர்ப் பெருந்தொழிலாக வளர்ந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. நம் தோட்டங்களுக்குக் கோதாவரிச் சீமையிலிருந்து வந்த தெலுங்குக் குடும்பங்களும் உண்டு ஆதலால், இப்பெயர் சிலருக்குப் புதிதன்று. ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் என்பார் அங்குச் சென்று ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது யாது? பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர். ஆனால் வணிகர்களும் ஊராரும், ஏன், அப்பெண்கள் தாமும், அதை வேலை என்று கருதவில்லை. "வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது" என்றே எண்ணினர். ஓய்வு நேரத்து வேலைக்கு யார் முழுக் கூலி தருவர்? கூலி மிகமிகக் குறைவாகவே நின்றது. பொருள் கடல் கடந்து சென்றது, வணிகர் செழித்தனர், பின்னிய விரல்கள் அப்படியே இருந்தன.

நரசாபூர் லேசுக்கு 2024ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்ப் பெயரில் வேறிடத்துப் பொருளை விற்பதை அது தடுக்கும். வரவேற்கத்தக்கதே. எனினும், ஒரு பொருளின் பெயரைக் காப்பது வேறு. அதைச் செய்யும் பெண்ணின் கூலியைக் காப்பது வேறு. இரண்டாவதற்கு அவளுடைய கணக்கு நோட்டும் துணைநிற்க வேண்டும்.

கணக்கு நோட்டு

நம் பத்து பாகாட் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள இயந்திரங்கள் பனியனையும் சட்டைத் துணியையும் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னித் தள்ளும். ஆனால் உண்மையான கொக்கி ஊசிப் பின்னலை அந்த வேகத்தில் பின்னித்தரும் இயந்திரம் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடைபெறுகின்றன, சந்தைக்கு வரவில்லை. கடையில் தொங்கும் கொக்கிப் பின்னல் பை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மனிதக் கை பின்னியதே. அது மிக மலிவாக விற்றால், அம்மலிவை யாரோ ஒருவர் தம் கூலியிலிருந்து கொடுத்திருக்கிறார் என்பதே பொருள்.

எனவே விற்க எண்ணுவோர் முதலில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நூல் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 17 காசு. உங்கள் நேரத்துக்கும் அதையே அளவுகோலாக வைத்துப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சந்தைப் பைக்கு 12 வெள்ளிக்கு நூலும், பழகிய கைக்கு ஐந்து மணி நேரமும் ஆவதாகக் கொள்வோம். ஐந்து மணிக்குக் கூலி 40 வெள்ளி 85 காசு. நூலையும் சேர்த்தால் 52 வெள்ளி 85 காசு. அப்பையை இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூல் விலை போக மிஞ்சுவது 13 வெள்ளி. அதாவது மணிக்கு 2 வெள்ளி 60 காசு. இதைக் கண்டு "விற்கவே கூடாது" என்று நாம் சொல்ல வரவில்லை. மழை ஓயாத நாட்களில் பால் வெட்டு இன்றி வீட்டிலிருக்கையில் அந்த 13 வெள்ளியும் சிலருக்கு வேண்டியதாகலாம். ஆனால் அறியாமல் கொடுப்பது வேறு, அறிந்து கொடுப்பது வேறு. கணக்கை அறிந்தவர் அடுத்த முறை வேறு பொருளைத் தெரிந்தெடுப்பார். விலையை உயர்த்திக் கேட்பார். அல்லது அப்பையைத் தம் வீட்டுக்கே வைத்துக்கொண்டு, கடையில் பை வாங்கும் செலவை மிச்சப்படுத்துவார்.

பொதுவாகக் கூறுமிடத்து, மலிவாக எங்கும் கிடைக்கும் பொருள்களோடு போட்டியிடும் பின்னல் நட்டத்தையே தரும். பெரும் பையும் மேசை விரிப்பும் நேரத்தை விழுங்குவன. செம்பு மூடி, தோரணம், குழந்தைப் பரிசுப் பொருள்கள் போன்ற சிறியனவும், வாங்குபவர் நிறமும் அளவும் சொல்லிக் கேட்டுச் செய்விப்பனவும் நேரத்துக்கேற்ற விலை பெறும். ஆயர் ஈத்தாமில் பீங்கான் பொருள் வாங்க நிற்கும் வழிப்பயணிகள், கைப்பட்ட சிறு பொருள்களையும் விரும்பி வாங்குவர். அத்தகைய இடத்தில் ஒருவர் தனித்து நிற்பதைவிட, லயத்துப் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே விலை வைத்து விற்பது நன்று. ஒருவர் குறைத்தால் எல்லார் கூலியும் குறையும்.

இடைத்தரகர் எவரேனும் வீட்டுக்கு வந்து, "பின்னிக் கொடுங்கள், ஒன்றுக்கு இவ்வளவு தருகிறோம்" என்று கேட்டால், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நூல் யாருடையது? ஒன்றுக்கு எவ்வளவு? பிடிக்கவில்லை என்று திருப்பிய பொருளுக்குக் கூலி உண்டா? பணம் எந்த நாளில் கைக்கு வரும்? விடைகளை அவர் முன்னிலையிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத மறுப்பவரிடம் வேலை எடுக்க வேண்டா. வீட்டிலிருந்து செய்யும் வேலையும் வேலையே என்பதை உலகத் தொழிலாளர் நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே வீட்டுவழி வேலை பற்றிய உடன்படிக்கையில் எடுத்துரைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் இல்லத்தரசிகளின் உழைப்பைச் சட்டம் கருத்திற்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில், ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா செலுத்தினால், வீட்டு வேலை செய்கையில் நேரும் விபத்துகளுக்கும் உடற்குறைக்கும் பாதுகாப்புப் பெறலாம். 55 வயதுக்குட்பட்டவர்கள் இதில் சேரலாம். சொந்தமாகத் தொழில் செய்வோர்க்குத் தனித் திட்டமும் உண்டு. தமக்குப் பொருந்துவது எது என்பதை அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டறிக. தையல், சமையல் முதலிய வகுப்புகளை நடத்தும் கெமாஸ் அலுவலகத்தை அணுகி, பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து வேண்டினால், பின்னல் வகுப்புக்கும் வழி பிறக்கலாம். அதுவரை, தெரிந்த ஒருவர் தெரியாத இருவருக்குக் கற்றுக் கொடுங்கள்.

ஐயாமார்களுக்கும் ஒரு சொல். வலை பின்னுபவர் மீனவர். அவர்களுள் ஆண்களே மிகுதி. ஆதலின் நூலும் கொக்கியும் பெண்களுக்கே உரியன என்று ஒதுங்க வேண்டா. பின்னக் கற்காவிட்டாலும், வீட்டில் ஒருவர் பின்னிக்கொண்டிருக்கும்போது, "சும்மாதானே இருக்கிறாய், ஒரு தேநீர் போடு" என்று சொல்லாதிருப்பது பேருதவி. அவர் சும்மா இருக்கவில்லை. வேலை செய்துகொண்டிருக்கிறார்.

தாய்மார்களே, பால் எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தே கொடுக்கிறோம். தராசில் ஒரு கிலோ குறைந்தால் கேட்கிறோம், கேட்க வேண்டும். நம் விரல்களின் உழைப்பையும் அவ்வாறே நிறுத்துப் பார்ப்போம். முதல் கரித்துணி உங்கள் அடுப்படிக்கு. முதல் மூடி உங்கள் வீட்டுப் பால் செம்புக்கு. அதன் பிறகு பின்னுவன எவருக்காயினும், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னுங்கள்.